ஏழு கையெழுத்துப் போதும், தோழர்களே!



நல்லூரில் கொடியேற இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. கொடியேறிவிட்டால் 25 நாளும் எங்கள் கடைகளுக்குப் பூட்டும் நேரம் என்று ஒன்று கிடையாது. தேர் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த சனம் இரவு ஒன்பதரைக்குச் சேலை விரிக்கச் சொன்னாலும் விரிக்க வேண்டும். திருவிழாக் கூட்டம் போல இன்னொரு கூட்டமும் வரும். 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்துபோனது. அதற்கான தேர்தல் எப்போது வந்தாலும் வெள்ளை வேட்டியோடும் துண்டுப் பிரசுரத்தோடும் எங்கள் படலையைத் தட்டப் போகிறவர்கள் இப்போதே ஆயத்தமாகிறார்கள்.

இந்த இரண்டு காலத்திலும்தான் நாங்கள் தேவைப்படுகிறோம். ஒன்றில் எங்கள் கால்கள், மற்றதில் எங்கள் விரலில் பூசும் மை. ஆகவே சங்கம் கட்டுவதென்றால் இப்போதே கட்ட வேண்டும். தேர் இருப்புக்குப் போன பிறகு கட்டிப் பயனில்லை.

நாங்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். புடைவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை ஆகியவற்றில் நிற்கிறவர்கள். திருநெல்வேலிச் சந்தையில் விடியப்புறம் மூட்டை இறக்குகிறவர்கள். கோண்டாவில், கொக்குவில் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டவும் புகையிலைக்குத் தண்ணீர் கட்டவும் நாள்கூலிக்குப் போகிறவர்கள். பிரதேச சபை, மாநகர சபை உழவு இயந்திரங்களின் பின்னால் கையுறை இல்லாமல் குப்பை அள்ளுகிறவர்கள். இத்தனை பேரின் பெயரும் கிராம அலுவலரிடம் இருக்கும் வாக்காளர் இடாப்பில் உண்டு. அதே பெயர் எத்தனை முதலாளிமாரின் சம்பளப் பதிவேட்டில் உண்டு? வாக்குப் போட இருக்கிறோம், வேலை செய்ய இல்லை என்பதுதான் எங்கள் நிலை. இந்தத் தாளில் நாங்கள் சொல்ல வந்த விசயமும் இதுதான்.

கடைக்குள் போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்குக் கடை திறக்கும்போது பிள்ளை வந்து கூட்டித் துடைத்துச் சாமிப் படத்துக்குப் பூ வைத்திருக்க வேண்டும். இரவு ஏழரைக்கு ஷட்டர் பாதி இறங்கினாலும் விரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்காமல் போக முடியாது. மத்தியானம் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு என்று பெயர். களஞ்சிய அறையில் பெட்டிகளுக்கு நடுவே சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போதே முன்னுக்கு ஆள் வந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். ஒருநாளைக்குப் பத்து மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள், ஆக 60 மணித்தியாலம். கல்லாவுக்கு மேலே கமரா இருக்கிறது. உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் இல்லை. மாதக் கடைசியில் ஒரு கடித உறை தருவார்கள், அதன் மேல் பென்சிலால் ஒரு தொகை எழுதியிருக்கும். எதற்கு எவ்வளவு, எந்த நாளுக்கு எவ்வளவு வெட்டு என்று ஒரு வரி இருக்காது. சில இடங்களில் தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த வவுச்சரில் பிறகு என்ன எழுதப்படுகிறது என்று கையெழுத்து வைத்த பிள்ளைக்குத் தெரியாது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு. வருடத்துக்கு 14 நாள் விடுமுறை, அதைவிட 7 நாள் அமைய விடுமுறை. இது எழுபது வருடத்துக்கு மேலான சட்டம். எங்கள் பேத்தியார் காலத்தில் வந்தது இன்னும் எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை.

சேமலாப நிதியைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்களிடமிருந்து அதிகமாகக் களவு போவது அங்கேதான். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் நீங்கள், 12 வீதம் முதலாளி. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் முதலாளியின் கையிலிருந்து. குறைந்தபட்சச் சம்பளமான 30,000 ரூபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி உங்கள் பெயரில் மாதாமாதம் கட்ட வேண்டியது 4,500 ரூபா. வருடத்துக்கு 54,000. இதே கணக்கில் பத்து வருடம் நிற்கிற பிள்ளைக்கு, வட்டியை விட்டுவிட்டாலும், 540,000 ரூபா. கலியாணத்துக்கோ, ஒரு துண்டுக் காணிக்கோ, அம்மாவின் சத்திரசிகிச்சைக்கோ உதவியிருக்கக்கூடிய காசு அது. அது உபயமாகவோ, புது வாகனமாகவோ, மேல்மாடியாகவோ எங்கோ போய்விட்டது.

“நீர் இன்னும் பழகுநர்தானே”, “நீர் தற்காலிகம்தானே” என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். பழகுநரானாலும் தற்காலிகமானாலும் நாள் சம்பளமானாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து சேமலாப நிதி உண்டு. ஒரேயொரு ஆளை வைத்திருக்கும் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் பெயரில் பணம் கட்டுவதாக முதலாளி சொன்னால் சேமலாப நிதி அங்கத்தவருக்கான பி அட்டையைக் கேளுங்கள். அங்கத்துவ இலக்கம் என்ன என்று கேளுங்கள். பதில் தராமல் சிரித்துக்கொண்டு போனால் விளங்கிக்கொள்ளுங்கள்.

கட்டப்பட்ட காசுக்கே பாதுகாப்பில்லாத நாடு இது என்பதும் உண்மைதான். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது அதன் சுமையை ஊழியர் சேமலாப நிதியின் தலையில் ஏற்றினார்கள், வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தெற்கில் தொழிற்சங்கங்கள் வீதிக்கு இறங்கின. யாழ்ப்பாணத்தில் எங்களில் பலருக்கு அது யாரோ ஒருவருடைய பிரச்சினையாகத் தெரிந்தது. நிதியில் பெயரே இல்லாதவருக்கு நிதி கொள்ளை போனால் என்ன?

இனி எங்கள் ஊருக்கே உரிய நோய்க்கு வருவோம். கொழும்பிலோ சுதந்திர வர்த்தக வலயத்திலோ முதலாளி முகம் தெரியாத ஆள். இங்கே அவர் எங்கள் ஊர் ஆள். அப்பாவுக்குப் பழக்கம். அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து முன்னுக்கு நின்றவர். அக்காவின் கலியாணத்துக்கு ஐம்பதாயிரம் முற்பணம் தந்தவர். அந்த ஐம்பதாயிரத்தை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டி எடுத்துவிட்டார் என்பது மறந்துபோகும், தந்தார் என்பது மட்டும் வீட்டில் சொல்லிச் சொல்லி நிலைத்திருக்கும். “எங்கட பிள்ளை மாதிரித்தானே வைச்சிருக்கிறன், உனக்கு என்னத்துக்கு நியமனக் கடிதம்?” என்று அவர் கேட்டால், கேட்ட பிள்ளைக்கே வெட்கம் வருகிறது. தோழர்களே, அவருடைய சொந்தப் பிள்ளை அவுஸ்திரேலியாவில் படிக்கிறது. அது கடையில் பத்து மணித்தியாலம் நிற்கவில்லை. உறவு உறவாக இருக்கட்டும். செத்தவீட்டுக்கு வந்தவருக்கு நாங்களும் செத்தவீட்டுக்குப் போவோம். சம்பளத்தைச் சம்பளமாகத் தரச் சொல்வோம்.

எல்லா முதலாளியையும் சேர்த்துத் திட்டவில்லை. ஒழுங்காகச் சேமலாப நிதி கட்டி, போயா நாளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் சிலர் எங்கள் தொகுதியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வியாபாரத்தைக் கெடுப்பதே பக்கத்துக் கடைக்காரர்தான், சட்டத்தை ஏய்த்து விலையைக் குறைக்கிறவர். ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு தானும் நாள் முழுக்க நிற்கிற பெட்டிக்கடைக்காரரும் எங்கள் எதிரி இல்லை. நாங்கள் பேசுவது மூன்று மாடிக் கடை கட்டியும் ஒரு சம்பளச் சிட்டை அச்சடிக்க வசதியில்லை என்கிறவர்களைப் பற்றி.

இன்னொரு நோய் எங்களுக்குள்ளேயே இருக்கிறது. “தம்பி எவடம்?” என்ற கேள்வி சாதியை அறியத்தான் கேட்கப்படுகிறது என்று யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள், யாருடைய போத்தலில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். குப்பை அள்ளுகிறவரைக் கடைப் பிள்ளை “அவர்கள்” என்கிறது. கடைப் பிள்ளையைக் கணக்கப்பிள்ளை “இதுகள்” என்கிறார். முதலாளிக்கு இதைவிட வேறு காவல் வேண்டாம். ஆனால் இந்தக் காவலை உடைக்கப் பார்த்தவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து சாதிக்கு எதிராகப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்துக் கலைக்கப் பார்த்தது. அடி வாங்கியும் யாழ். முற்றவெளி வரை போனவர்கள் பெரும்பாலும் கூலி உழைப்பாளிகள். தீண்டாமை ஒழிப்பும் தொழிலாளர் உரிமையும் ஒரே வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் வேலை செய்யும் இடத்தைக் கேட்போம். எவடம் என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்கிறவருக்குச் சங்கத்தில் பதவி கிடையாது.

“யாழ்ப்பாணத்தில் தொழிற்சங்கமா? அது தெற்கத்தையான் வேலை” என்று சொல்கிற பெரியவர்களுக்கு நினைவு குறைந்துவிட்டது. இதே கொக்குவில், கோண்டாவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்டு அரசியல் படித்த காலம் ஒன்று இருந்தது. இலக்கியம் எழுதியவர்களும் கட்சி கட்டியவர்களும் அந்தச் சூழலிலிருந்து வந்தார்கள். 1956இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தவறணைக் குத்தகைக்காரர்களுக்குக் கீழே கிடந்த சீவல் தொழிலாளர்கள் 1972இல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் வந்தார்கள். மரத்தில் ஏறுகிறவருக்கும் தன் கள்ளின் விலையைக் கேட்க ஒரு இடம் கிடைத்தது. கொழும்பில் 1948 முதல் 2014இல் இறக்கும் வரை இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தை நடத்திய பாலா தம்பு யார்? எங்களைப் போன்ற கடை, காரியாலய ஊழியர்களைத்தான் அவர் ஒன்று சேர்த்தார், அதிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல். பிறகு போர் வந்தது. சங்கம் என்று வாய் திறக்கவே பயந்த முப்பது வருடம் வந்தது. போர் முடிந்தும் அந்தப் பயம் முதலாளிமாருக்குச் சேவகம் செய்கிறது.

இப்போது தேர்தலுக்கு வருகிறோம். நல்லூர் தனித் தொகுதியாக இருந்த காலத்தில் 1960இலிருந்து நாகநாதனை அனுப்பியது, 1970இல் அவரைத் தோற்கடித்து அருளம்பலத்தை அனுப்பியது, 1977இல் சிவசிதம்பரத்தை அனுப்பியது. ஆள் மாறியது, கொடி மாறியது. கடைப் பிள்ளையின் மணித்தியாலம் மாறவில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தொழிலாளர் பெயரைச் சொல்லி வளர்ந்த கட்சி. அதன் ஆட்சியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும், நாள் சம்பளம் 1,080 ஆகவும் பிறகு 1,200 ஆகவும் ஏறியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கொழும்பில் ஏற்றிய சம்பளத்தை எங்கள் கடைக் கல்லாவிலிருந்து யார் இறக்குவது? அதற்குச் சங்கம்தான் வேண்டும். தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பக்கத்து வரம்பில் அதே வெங்காயம் கிண்டும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதை எந்தக் கட்சி மேடையில் பேசியிருக்கிறது?

ஆகவே வேட்பாளர் எவராக இருந்தாலும், வீட்டுச் சின்னமோ சைக்கிளோ திசைகாட்டியோ வேறு எதுவோ, படலையில் வைத்தே கேட்போம். இனப் பிரச்சினைக்கு உங்கள் தீர்வைக் கேட்டோம், அதைத் தொடர்ந்தும் கேட்போம். எங்கள் சம்பளச் சிட்டைக்கு உங்கள் பதில் என்ன? உங்கள் கட்சி அலுவலகத்தில் தேநீர் ஊற்றுகிற அம்மாவுக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? உங்கள் செலவுக்குக் காசு தருகிற முதலாளி தன் ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு தருகிறாரா?

உள்ளூராட்சிச் சபைகளிடம் கேட்க இன்னும் கையில் பிடித்த விசயம் இருக்கிறது. வியாபார உரிமத்தை வருடாவருடம் கொடுப்பது பிரதேச சபையும் மாநகர சபையும். உரிமம் புதுப்பிக்க வருகிறவரிடம் சேமலாப நிதிப் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள் என்கிறோம். திருவிழாவுக்குத் தற்காலிகக் கடை போட இடம் கொடுக்கும்போது, அந்தக் கடையில் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு நாள் சம்பளம் எவ்வளவு, இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர்கள், மலசலகூடம் எங்கே என்று எழுதி வாங்குங்கள் என்கிறோம். இதற்கு நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. சபை அமர்வில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து தொடங்கலாம். அதோடு சபைகள் தங்கள் வீட்டையும் திருத்த வேண்டும். வருடக்கணக்காகத் தற்காலிகம் என்றே வைத்திருக்கும் சுத்திகரிப்புத் தொழிலாளியை நிரந்தரமாக்காமல் தனியார் முதலாளிக்குப் புத்தி சொல்ல எந்தத் தவிசாளருக்கும் வாய் இல்லை.

இது நடக்குமா என்று கேட்கிறீர்கள். கோழிக்கோட்டில் ஜவுளிக் கடைத் தெருவில் நின்ற பெண்கள் உட்காருவதற்காகப் போராடினார்கள். தலைமை தாங்கிய விஜி ஒரு தையல்காரி. பெரிய சங்கங்கள் முதலில் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. உட்கார வேண்டுமென்றால் வீட்டில் இருங்கள் என்று முதலாளிமார் சிரித்தார்கள். 2018இல் கேரளச் சட்டம் திருத்தப்பட்டது. கடையில் இருக்கை வைக்காவிட்டால் குற்றம் என்றாயிற்று. 2021இல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. சிரித்தவர்கள் ஸ்டூல் வாங்கினார்கள்.

பயம் இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது. நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தை மறைத்து வீரம் பேசுவதில் பிரயோசனமில்லை. சங்கம் அமைப்பதும் சேருவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த உரிமை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை நீக்குவது தொழிற் சட்டத்துக்கு வந்த 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். வேலையிடத்தில் 40 வீதமானவர்கள் அங்கத்தவரானால் முதலாளி சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் அங்கே வழக்கு இழுபடும், தவணைக்கு மேல் தவணை போகும். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தனி ஆள் அந்தத் தவணைகளைத் தாங்க மாட்டார். சந்தாவும் சட்டத்தரணியும் வழக்குக்குக் கூடப்போக ஆளும் இருந்தால் தாங்கலாம். ஒருவரை நீக்கினால் இருபது பேர் தொழில் அலுவலகத்தின் வாசலில் நிற்பார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்தால், நீக்குவதற்கு முன் இரண்டு தரம் யோசிப்பார். திருவிழாக் காலத்தில் மூன்று தரம் யோசிப்பார்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி சங்கமொன்றைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். எழுநூறு வேண்டாம். ஏழு பேர் கூடி, யாப்பு ஒன்றை ஏற்று, கையெழுத்திட்டு, அமைத்த மூன்று மாதத்துக்குள் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கடையில் ஏழு பேர் கிடைக்கவில்லை என்றால் ஒரு தெருவில் கிடைப்பார்கள். பலாலி வீதியில், பருத்தித்துறை வீதியில், ஆடியபாதம் வீதியில் கடை கடையாக எண்ணுங்கள். கடைப் பிள்ளை இரண்டு, மருந்துக் கடைப் பிள்ளை ஒன்று, சந்தையில் மூட்டை சுமப்பவர் இரண்டு, சபைத் தொழிலாளி ஒன்று, தோட்டக் கூலிக்குப் போகிற அக்கா ஒன்று. கணக்குச் சரி.

தோழர்களே, வருகிற ஞாயிறு கடைப் பூட்டு நாள். பின்னேரம் கூடுவோம். இடத்தை இந்தத் தாளைத் தந்தவரிடம் வாயால் கேளுங்கள். எழுதிப் போடாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். வரும்போது அடையாள அட்டைப் பிரதி ஒன்று, சம்பள உறை ஏதாவது மிச்சம் வைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தீர்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடந்த மூன்று மாதக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவைக் கூட்டி வரலாம், தம்பியைக் கூட்டி வரலாம், குழந்தை இருந்தால் தூக்கி வரலாம். கட்சிக்காரர் யாரும் வந்தால் பின்வரிசையில் இருந்து கேட்கட்டும், ஒலிவாங்கி அவர்களுக்கு இல்லை.

பயமாக இருக்கிறவர்கள் பேச வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், வந்து இருங்கள். முதல் ஏழு கையெழுத்தை இடத் துணிந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். கொடியேற முன் விண்ணப்பம் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும்.